ஒரு படி மூன்று படியான கதை



ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளத்தில் எங்கள் கேரட் தோட்டம் இருக்கிறது. அங்கே தாத்தா பாறைமேல் கட்டிய மோட்டார் ரூமுக்கு அந்தக் காலத்தில் ஒரே படிதானாம். இப்போது மூன்று படி! "ரூம் வளந்துடுச்சா தாத்தா?" என்று கேட்டேன். "ரூம் வளரலை கண்ணு, நிலம் இறங்கிடுச்சு" என்றார்.

அந்த இடம் முன்பு சதுப்பாம். "எருமை இறங்கினா முழங்கால் வரைக்கும் புதையும். நாங்கதான் கால்வாய் வெட்டி, தண்ணிய வடிச்சு, தோட்டமாக்கினோம்" என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

அறிவியல் டீச்சரிடம் இதைச் சொன்னேன். "நிலக்கரிப் பாடத்துல பீட்னு படிச்சோமே, அதுதான் உங்க கறுப்பு மண்" என்றார். தண்ணீர் நிற்கும் மண்ணுக்குள் காற்று போகாது. அதனால் செத்த புல்லும் வேரும் முழுசாக மக்காமல், தங்கள் கார்பனோடு அடுக்கடுக்காகத் தங்கிவிடும். நீலகிரி பீட் மண்ணில் 20,000 ஆண்டுகளுக்கும் பழையது உண்டு. அதை வைத்து அக்காலத் தட்பவெப்பத்தை ஆராய்ந்த கட்டுரை 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. உலக நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளில் உள்ளதைவிட அதில் கார்பன் அதிகம்!

தண்ணீரை வடித்தால் என்ன ஆகும்? மண் சுருங்கும். காற்று புகுந்ததும் நுண்ணுயிர்கள் மீதியை மக்க வைக்கும். கார்பன், கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851-ல், பக்கத்து ஏரியை வடித்தபோது, ஓர் இரும்புத் தூணைத் தரைமட்டம் வரை புதைத்தார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது! அவர்களுக்குத் தூண் காட்டிக் கொடுத்தது, எங்களுக்குப் படி.

அப்பாவிடம் "கால்வாயை மூடிடலாம்பா" என்றேன். "கேரட் இல்லேன்னா உன் ஃபீஸ் யாரு கட்டுவா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் நிலம் இறங்கினால் மறுபடி தண்ணீர் நிற்கும், அப்பா மறுபடி ஆழமாக வெட்டுவார், நிலம் இன்னும் இறங்கும். இதைப் படம் போட்டுக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம், மழைக்கு எப்போதும் கேரட் அழுகிப்போகும் கீழ்மூலையில் மட்டும் கால்வாயை அடைத்தார். அங்கே இப்போது கோரை முளைத்திருக்கிறது. தாத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான்காவது படி கட்ட வேண்டி வரக்கூடாது என்பது என் ஆசை.

நண்பர்களே! உங்கள் ஊர்ச் சதுப்பையும் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று நினைக்காதீர்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி