மடிப்பும் ஒழுங்கும்

நூலொன்றை வாசிப்பவர்க்குப் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருதல் இயல்பாகவே தோன்றும். அவ்வியல்பின் பின்னுள்ள உழைப்பை அச்சுக்கூடத்தாரே அறிவர்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாள் நினைவாகக் 'கல்வெட்டு' எனும் சிறுநூலை வெளியிடுதல் வழக்கம். ஈயவெழுத்துக் கோத்து வாழ்நாளைக் கழித்த தன் பாட்டனாருக்கு அத்தகைய கல்வெட்டொன்றைத் தானே ஆக்க முற்பட்டான் பல்கலைக்கழக மாணவன் ஒருவன். அச்சகத்தார் கேட்ட தொகை வீட்டு நிலைக்கு மிஞ்சியது. நாட்களோ நான்குதான் எஞ்சியிருந்தன.

விலையின்றிக் கிடைக்கும் ஸ்கிறைபஸ் எனும் பக்க வடிவமைப்பு மென்பொருளை அவன் நாடினான். அதன் பழைய பதிப்புகளில் தமிழ்க் கொம்புகள் இடம்மாறி நின்றன. 2017இல், 1.5 வரிசையிற் சேர்க்கப்பட்ட வசதியே தமிழை அதில் முறையாகக் கோக்க வழிசெய்தது. ஏ5 அளவில் பதினாறு பக்கங்களை அமைத்துப் பீ.டீ.எவ். கோப்பாக்கி, ஏ4 தாளின் ஒவ்வொரு முகத்திலும் இரு பக்கங்களாக வரிசைப்படியே அச்சிட்டான். தாள்களை அடுக்கி மடித்தபோது, முகப்புப் படம் பின்னட்டைக்குப் போயிற்று. பிறப்பைக் கூறிய மூன்றாம் பக்கத்தை அடுத்து, முதுமையைக் கூறிய ஆறாம் பக்கம் நின்றது. ஒரு மனிதரின் நடுவயது முழுவதும் காணாமற் போயிற்று!

அருகிருந்த அம்மம்மா அமைதியாகச் சொன்னார்: "அவர் முதலிலை வெறுந்தாளை மடிச்சு, இலக்கம் போட்டுப் பாத்திட்டுத்தான் வேலை தொடங்குவார், தம்பி."

அவ்வாறே நான்கு வெறுந்தாள்களை ஒன்றினுள் ஒன்றாக மடித்து, 1 முதல் 16 வரை இலக்கமிட்டு விரித்தான். முதற்றாளின் வெளிமுகத்தில் 16உம் 1உம், உள்முகத்தில் 2உம் 15உம் இருந்தன. நடுத்தாளின் ஒரு முகத்தில் 10உம் 7உம், மறுமுகத்தில் 8உம் 9உம் இருந்தன. எந்த இணையைக் கூட்டினும் 17 வந்தது. பக்கத்தொகை நான்கின் மடங்காக இருத்தல் வேண்டும் என்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று.

ஸ்கிறைபஸில் இவ்வடுக்குக்கெனத் தனி ஆணை இல்லை. ஆகவே, குறுக்குவாட்டான ஏ4 பக்கங்கள் எட்டினைப் புதிதாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் இரு படச்சட்டங்களை வரைந்து, அவற்றுள் அதே கோப்பின் உரிய பக்கங்களை ஏற்றினான். இருபுறமும் அச்சிடுகையில் தாளைக் குறுகிய விளிம்பிற் புரட்டுமாறு பணித்தான். நீண்ட விளிம்பிற் புரட்டியிருந்தால் மறுபுறம் தலைகீழாகியிருக்கும்.

அச்சாகி வந்த முதற்றாளை உடனே மடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. பாட்டனாரின் பிறந்த திகதி தாங்கிய முதற்பக்கமும், குடும்பத்தாரின் நன்றியுரை தாங்கிய இறுதிப் பக்கமும் ஒரே முகத்தில் அருகருகே கிடந்தன. மைபடிந்த கைகளோடு வீடு திரும்பிய அம்மனிதரிடம், அத்தொழில் எத்தகையது என்று அவன் ஒருநாளேனும் கேட்டதில்லை. ஈயவெழுத்து மறைந்துவிட்டது, தாளை மடிக்கும் அறிவு மட்டும் மறையவில்லை. அதனைக் கற்பித்திருக்கக் கூடியவரின் கல்வெட்டிலேயே அவன் அதனைக் கற்க நேர்ந்தது.