ஒரே லைனில் இரண்டு மருந்து

"சார், இந்த ரெண்டையும் ஒரே லைன்ல விடலாமா?" ஐ.சி.யு.வில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. கேட்கும் சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. நோயாளிக்கு ஐந்தாறு மருந்துகள் ஓட வேண்டும்; ஊசி போட நரம்போ கிடைப்பதில்லை. இருந்தாலும் "விடலாம்" என்று சொல்ல எனக்கு இன்றும் பயம்தான்.

பயிற்சிக் காலத்தில் என் மூத்தவர் மிடாசோலத்தையும் ஃபுரோசமைடையும் சரிபாதியாகக் கண்ணாடிக் குழாயில் கலக்கச் சொன்னார். இரண்டு மருந்தும் ஒரே லைனில் சேரும் த்ரீ-வே இணைப்புக்குக் கீழே அவை ஏறத்தாழ அப்படித்தான் சந்திக்கும் என்பது கணக்கு. ஒன்று அமிலம், மற்றது காரம். கலந்ததுமே மோர் போல வெளுத்தது. இப்படிப்பட்ட ஜோடியிடம் எனக்குப் பயமில்லை. அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து ஒரு குழாயை நீட்டினார். நீர்த்த செஃப்ட்ரியாக்சோனில் கால்சியம் குளுக்கோனேட் சேர்த்தது. கறுப்பு அட்டையின் முன் பிடித்தேன், வெள்ளை அட்டையின் முன் பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அணைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார். கண்ணுக்குத் தெரியாத துகள்களில் பட்டுச் சிதறி, குழாய்க்குள் ஒளிக்கோடு பளிச்சென்று எழுந்தது. வெறும் கண்ணுக்குச் சுமார் 50 மைக்ரான் துகள்தான் எட்டும். நுரையீரலின் தந்துகிகளோ 10 மைக்ரானுக்கும் குறுகலானவை; கண்ணுக்கு எட்டாத துகளே அவற்றை அடைத்துவிடும். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோனையும் கால்சியத்தையும் சேர்த்துத் தரவே கூடாது.

1994இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. விடுத்த எச்சரிக்கையை அதன்பின் படித்தேன். சிரை வழி ஊட்டக் கலவையில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்து, இரண்டு பேர் இறந்திருந்தார்கள். கொழுப்பு சேர்ந்ததால் கலவை ஏற்கெனவே வெள்ளை. படிவை அது மறைத்துவிடும். அந்தப் பையைக் கலந்த இடத்தில் நான் நின்றிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காதே என்று பல நாள் மனம் அடித்துக்கொண்டது.

ஆகவே இப்போது பதிலுக்கு முன் நான்தான் கேட்கிறேன். செறிவு என்ன? எதில் கலந்தீர்கள்? ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் விட்டால் படிந்துவிடும், சலைன்தான் வேண்டும். மருந்துப் பொருத்த அட்டவணையில் "பொருந்தும்" என்றிருந்தாலும் அது சோதித்த செறிவுக்கும் சோதித்த நேரத்துக்கும் மட்டுமே. தெளிவாக இருப்பதால் வீரியம் குறையவில்லை என்றும் ஆகாது. அதற்கு வேறு சோதனை.

விவரம் கிடைக்காத ஜோடி என்றால் வேறு லைன். அதுவும் இல்லையென்றால், நிறுத்தக்கூடிய மருந்தை நிறுத்தி, சலைனால் கழுவி, மற்றதை விட்டு, மறுபடி கழுவச் சொல்வேன். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நாரட்ரினலின் ஓடும் லைனில் மட்டும் இது கூடாது. ட்யூபில் நிற்கும் மருந்தைச் சலைன் மொத்தமாக உள்ளே தள்ளும், பிரஷர் எகிறிவிடும். அதற்குத் தனி லைன் போடும்வரை டாக்டரை விடமாட்டேன்.