உளைச்சல் கொடுத்தவர் யார்?

நாளேட்டைப் புரட்டினால் இந்தச் சொல் கண்ணில் படாத நாளில்லை. மன உளைச்சலில் இருந்த இளைஞர் விபரீத முடிவு. மேலதிகாரியின் பேச்சால் மன உளைச்சலுக்கு ஆளான பெண் ஊழியர் மருத்துவமனையில் அனுமதி. இரண்டாவது செய்தியிலாவது ஒரு மேலதிகாரி எட்டிப் பார்க்கிறார். முதல் செய்தியில் அவரும் இல்லை. காய்ச்சல் போல உளைச்சலும் தானே வந்து அந்த இளைஞரைப் பிடித்துக்கொண்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொல்லைக் குறை சொல்ல மாட்டேன். அருமையான சொல் அது. உளைச்சல் முதலில் உடம்பின் நோவு. நாளெல்லாம் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களுக்கு ராத்திரியில் கால் உளையும். என் அம்மா தைலம் தேய்த்து, பழைய புடவைக் கிழிசலால் கெண்டைக்காலை இறுகக் கட்டிக்கொண்டு படுப்பார். காயம் இருக்காது, வீக்கம் இருக்காது, எந்த இடம் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டவும் முடியாது. ஆனால் தூங்க விடாது. இந்த நோவை மனத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யாராக இருந்தாலும், நோவு தெரிந்த மனிதர்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வருந்தினாள் என்பதற்கு எதிரே வருத்தினான் இருக்கிறது. நொந்தாள் என்றால் நோகடித்தான் உண்டு. உளைச்சலுக்கு அப்படி ஒரு பிறவினை நம் பேச்சில் இல்லை. ஆளாகலாம், தவிக்கலாம், அதில் இருக்கலாம். எல்லாமே பட்டவரைப் பற்றிய சொற்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று, வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரின் பக்கத்தில் நின்றிருந்தேன். நடுவயதுப் பெண் ஒருவர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அடிக்கிறதெல்லாம் இல்லைங்கண்ணா. ஆக்கிப் போட்ட சோத்தை எம் முன்னாலயே எடுத்து நாய்க்கு வைப்பாரு. எங்கிட்ட பேசி வருசமாச்சு. ஏதாச்சும் வேணும்னா பிள்ளைகிட்ட, 'அவகிட்ட சொல்லு'ம்பாரு." எழுதுபவர் பொறுமையாகக் கேட்டார், தலையசைத்தார், பிறகு எழுதினார்: 'என் கணவரால் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்.' சோறு, நாய், பிள்ளை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போயின. அவர் மேல் தப்பில்லை. மனு என்றால் இப்படித்தான் என்று காலங்காலமாகப் பழகிய கை.

எழுத்தை விட்டு வீட்டுப் பேச்சுக்கு வந்தால் நாம் இவ்வளவு ஏழைகள் இல்லை. குத்திக்காட்டுவது வேறு, சொல்லிக்காட்டுவது வேறு. முன்னது குறையைக் கிளறுகிறது. பின்னது செய்த உதவியைக் கணக்குப் போட்டுத் திரும்பக் கேட்கிறது. சாடை பேசுவது, கரித்துக்கொட்டுவது, மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது, நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறோம். இவை ஒவ்வொன்றிலும் செய்கிறவர் ஒருவர் எதிரே நிற்கிறார். போலீஸ் புகாரிலும் செய்தியிலும் இந்தச் சொற்களை ஏன் எழுதக் கூடாது? நாகரிகம் என்று நினைத்து நாம் விட்டுவிடுவது சாட்சியத்தை.

சட்டம் இந்த விஷயத்தில் நம் எழுத்தைவிட ஒரு படி மேல். நுகர்வோர் வழக்குகளில் மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று இன்று சாதாரணமாகக் கேட்கிறோமே, அதற்கு வலுவான அடித்தளம் இட்டது லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராக எம்.கே. குப்தா நடத்திய வழக்கு. 1993-இல் அதில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அலைக்கழிப்புக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு உண்டு என்றதோடு நிற்கவில்லை. அந்தப் பணம் ஏன் மக்களின் வரியிலிருந்து போக வேண்டும், காரணமான அதிகாரிகளைக் கண்டுபிடித்து அவர்களிடமே வசூலியுங்கள் என்றது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் நெருங்கி வருகிறது. சொல்லாலும் உணர்வாலும் செய்யும் கொடுமையும் வன்முறையே என்கிறது. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று இழித்துப் பேசுவதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் சம்பவ அறிக்கைப் படிவத்தில் நடத்தையைச் சந்தேகிப்பது, வரதட்சிணை கொண்டுவரவில்லை என்று அவமதிப்பது, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது என வகைவகையாகக் கேட்டிருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத கொடுமை என்றால் விவரித்து எழுத இடம் விட்டிருக்கிறார்கள். நாய்க்கு வைத்த சோற்றை அங்கே எழுதலாம். நாள், இடம், நேரம் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: வன்முறை செய்தவர் யார்?