பரவைக்கடலுக்குப் போடுற சப்பாத்து

கடலுக்குள்ள இறங்கி நடக்க என்ன சப்பாத்து நல்லது எண்டு கேட்டால் எங்கட பக்கத்தில சிரிப்பினம். யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் சப்பாத்தோட இறங்குற கடல் இல்லை. கனதூரத்துக்கு முழங்கால் தண்ணி, மிஞ்சினால் இடுப்பளவு. சிறகு வலையும் களங்கட்டியும் கட்டினவை விடியக்காலையில நடந்தே போய், அடைபட்டு நிக்கிற மீனையும் இறாலையும் அள்ளிக்கொண்டு நடந்தே வருவினம். சோளகக் காலத்தில வெயில் ஏறமுன்னம் திரும்பவேணும், அவ்வளவுதான் கவலை. காலுக்கு என்ன எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. மணல், சேறு, சாதாழை, ஊரி, முருகைக்கல் எல்லாம் வெறுங்காலுக்குப் பழகினதுகள்.

நாங்கள் யோசிக்கவேண்டி வந்தது சித்தப்பாவால. நாங்கள் எண்டால் ஒரே வளவுக்குள்ள வளர்ந்த நாலு பேர். ஒருவர் கலைப்பீடம், ஒருவர் தாதியர் பயிற்சி, மற்ற ரெண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடம். சித்தப்பாவுக்குச் சலரோகம் வந்து பத்து வருசத்துக்கு மேல. இந்த வருசம் கிளினிக்கில அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில பல இடத்தில ஒரு நைலோன் நூலால தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். 10 கிராம் அழுத்தத்தில வளையிற நூல் அது. தொடுறது தெரிஞ்சால் சொல்லவேணும். பெருவிரலுக்குக் கீழேயும் குதியிலயும் தொட்டபோது அவர் பேசாமல் இருந்தார். தங்கூசியை விரலுக்கிடையில உருட்டிப் பார்த்தே பருமன் சொல்லுற மனிசன். அதே மாதிரி ஒரு நூல் காலில பட்டது அவருக்குத் தெரியேல்லை.

இதின்ர அர்த்தம் என்ன எண்டு தாதியர் பயிற்சியில இருக்கிறவள்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். சீனி கூடி கனகாலம் இருந்தால் காலுக்குப் போற நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். காயம் வரும், நோ வராது. நோ இல்லாதபடியால் அதே காலோட நடப்பினம். இரத்தவோட்டமும் குறைஞ்சிருந்தால் காயம் மாறாது. விரல் எடுக்கிறது, கால் எடுக்கிறது எல்லாம் அப்பிடி ஒரு சின்னக் கீறலில துவங்கினதுகள்தான். இளஞ்சூடான உவர்த் தண்ணியில காயத்துக்குள்ள போகக்கூடிய கிருமிகளும் இருக்கு. சலரோகம் இருக்கிற ஆக்களுக்கு அதால வாற ஆபத்து மற்றவைக்கு வாறதை விடக் கூட.

கிளினிக்கில சொன்னது ஒரு வசனம்: வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்கக் கூடாது.

"அப்ப கடல்?"

"கடலுக்குப் போகாதேங்கோ ஐயா."

வீட்ட வந்து சித்தப்பா சொன்னதும் ஒரு வசனம்தான். "போகாட்டி அடுப்பு எரியாது மோனை."

இந்த ரெண்டு வசனத்துக்கும் நடுவில வைக்கக்கூடிய சாமான் ஒரு சப்பாத்து மட்டும்தான் எண்டு எங்களுக்குப் பட்டது. ஆனால் என்ன சப்பாத்து?

முதலில வீட்டில இருந்ததுகளைப் பார்த்தம். பாட்டா சேத்துக்குள்ள ரெண்டு அடி வைக்கமுன்னம் பட்டி கழண்டுவிடும். கழண்டது மிதந்து போகும். தோட்டத்துக்குப் போடுற கம்பூட்ஸ் முழங்காலுக்குக் கீழ தண்ணி நிண்டால் சரி. அதுக்கு மேல போனால் தண்ணி உள்ள நிறைஞ்சு, ஒவ்வொரு காலும் ஒரு வாளி தூக்கிற மாதிரி இருக்கும். சேறு வேற பிடிச்சு இழுக்கும். விழுந்தால் எழும்புறது கஷ்டம். பின்பட்டி வைச்ச சாண்டில்ஸ் கழராது, ஆனால் விரல் வெளியில நிக்கும், ஊரித் துண்டுகள் உள்ள புகுந்து பாதத்துக்குக் கீழ இருக்கும். எங்களுக்கு அது குத்தும், எடுத்து எறிவம். சித்தப்பாவுக்குக் குத்தாது. அதுதான் பிரச்சினையே.

இதைத் தேடிப் போனபோதுதான் பிளை ஃபிஷிங் எண்ட உலகத்துக்குள்ள போய் விழுந்தம். இறகும் நூலும் சுத்திப் பூச்சி மாதிரிச் செய்த தூண்டிலை, ஓடுற ஆத்துக்குள்ள நிண்டு வீசுற மீன்பிடி அது. இலங்கைக்கும் அது முழுக்கப் புதுசு இல்லை. வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளுக்கு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதே இந்த விளையாட்டுக்காகத்தான். ஹோட்டன் சமவெளியில அந்த மீன் இப்பவும் இருக்கு. குளிர்காலத்தில அவையள் நெஞ்சு வரைக்கும் தண்ணி புகாத உடுப்புப் போடுவினம். கோடையில அதைக் கழட்டி வைச்சிட்டு, கட்டைக் காற்சட்டையோட நனைஞ்சபடியே இறங்குவினம். அப்ப காலுக்கு என்ன போடுறது எண்டதில அவையளுக்குள்ள பெரிய விவாதமே இருக்கு.

அந்த விவாதத்தை வாசிக்க எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பொழுதுபோக்குக்கு இறங்குற காலுக்கு இவ்வளவு யோசினை! ஆனால் அந்த யோசினை கெட்டித்தனமானது. அவையள் முதலில கேக்கிற கேள்வி சப்பாத்தைப் பற்றியது இல்லை, அடித்தளத்தைப் பற்றியது. கீழ இருக்கிறது பாசி பிடிச்ச உருண்டைக் கல்லா, மணலா, சேறா? கல்லெண்டால் கம்பளி மாதிரி இருக்கிற ஃபெல்ட் அடி நல்லாப் பிடிக்கும். சேறெண்டால் அதே ஃபெல்ட் வழுக்கும், அங்க பள்ளம் பள்ளமா வெட்டின இறப்பர் அடிதான் சரி. அடுத்தது, தண்ணி உள்ள வாறதைத் தடுக்கப் பார்க்காதே, வந்த தண்ணி கெதியா வெளியில போக வழி வை. மூண்டாவது, விரலை மூடு. நாலாவது, பருத்திச் சொக்ஸ் போடாதே. அது ஈரத்தைப் பிடிச்சு வைச்சு, மணலோட சேர்ந்து தோலை உரிக்கும். நியோப்பிரீன் சொக்ஸ் போட்டு, கணுக்காலைச் சுத்தி மூடினால் மணல் உள்ள போறது குறையும்.

அதே ஃபெல்ட் அடியை நியூசிலாந்து 2008இலயும் அலாஸ்கா 2012இலயும் ஆத்து மீன்பிடிக்குத் தடைசெய்தன. அது காய நாள் எடுக்கும். அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற டிடிமோ மாதிரிப் பாசிகளும் நோய்க்கிருமிகளும் அடுத்த ஆத்துக்குப் போய்ச் சேரும் எண்ட பயம். ஆத்தைக் காப்பாத்தச் சப்பாத்துக்குச் சட்டம் போட்ட இடங்கள். எங்கட கடலுக்குள்ள நடக்கிற காலைக் காப்பாத்த ஒரு சப்பாத்துக்கூட இல்லை.

எங்கட அடித்தளம் மணலும் சேறும், இடையில ஊரி. அதின்படி நாங்கள் தேடினது: விரல் மூடின, நூல் கட்டுற, தடிச்ச இறப்பர் அடி வைச்ச, பக்கத்தில வலைத்துணி இருக்கிற சப்பாத்து. ரவுணில பழைய வெளிநாட்டுச் சப்பாத்து விக்கிற கடையில அப்பிடி ஒரு சோடி கிடைச்சது. அட்டைக்குச் சுழியோடப் போற அண்ணை ஒருவர் தன்ர நியோப்பிரீன் சொக்ஸ் ஒரு சோடி தந்தார்.

அளவு பார்க்கிறதில ஒரு சிக்கல். எல்லாரும் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து "இறுக்கமா இருக்கு", "சரியா இருக்கு" எண்டு சொல்லுவம். சித்தப்பா எந்தச் சப்பாத்தைப் போட்டாலும் சரியா இருக்கு எண்டுதான் சொல்லுவார். கால் சொல்லாத ஒண்டை அவர் எப்பிடிச் சொல்லுறது? அதால பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரமாப் பார்த்து, சொக்ஸோட அவரைக் கடதாசியில நிக்க வைச்சுச் சுத்திக் கோடு கீறினம். அதை வெட்டிச் சப்பாத்துக்குள்ள வைச்சம். கடதாசி எங்கயும் மடங்கக் கூடாது. முதல் பார்த்த சோடியில மடங்கினது. ரெண்டாவது சோடியில மடங்கேல்லை, விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம் இடமும் இருந்தது. உள்ள கையை விட்டுத் தையல் துருத்துதா எண்டும் தடவிப் பார்த்தம்.

ஆனால் சித்தப்பாவின்ர மறுப்பு அளவைப் பற்றியது இல்லை.

"காலாலதான் மோனை கடலைப் பாக்கிறது. நண்டு எங்க கிடக்கு, குழி எங்க துவங்குது, எல்லாம் கால்தான் சொல்லும். நீங்கள் என்ர கண்ணைக் கட்டுறியள்."

இதுக்கு எங்களிட்டப் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. அந்தக் கண் பாதி தெரியாமல் போனதும் உண்மை. அதை அவருக்கு நேர சொல்ல எங்கள் ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. கடைசியில பேச்சை மாத்தி, ஆத்துக்குள்ள நடக்கிறவை தடி ஒண்டு ஊண்டிக்கொண்டு போறதைச் சொன்னம். முன்னுக்குக் குத்திப் பார்த்து, அடி என்ன மாதிரி எண்டு கையால அறிஞ்சு, பிறகு காலை வைக்கிறது. சித்தப்பா ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் களங்கட்டியில இருந்து கழட்டின பழைய கம்பு ஒண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார். "காலுக்குத் தெரியாட்டி கைக்குத் தெரியட்டும்" எண்டார். அவருக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

திருக்கைக்கும் அந்தக் கம்பு உதவும். மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற திருக்கை மிதிபட்டால்தான் வாலால அடிக்கும். முன்னுக்குத் தடி போனால், காலைத் தூக்கி வைக்காமல் உரஞ்சி உரஞ்சி நடந்தால், அது எழும்பிப் போகும். அதின்ர முள் சப்பாத்தையும் துளைக்கும், அதால சப்பாத்துப் போட்டிருக்கிறம் எண்டு துணிஞ்சு மிதிக்கக் கூடாது. குத்தினால் தாங்கக்கூடிய சூடு தண்ணியில, ஏறத்தாழ 45 பாகை செல்சியஸில, 30 முதல் 90 நிமிசம் காலை வைச்சால் நோ குறையும். சலரோகக் கால் எண்டால் அந்தச் சூட்டை வேற ஆளின்ர கைதான் பார்க்கவேணும். இல்லாட்டி குத்தின காயத்தோட அவிஞ்ச காயமும் சேரும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறதும் ஏற்பூசி போட்ட காலத்தைச் சொல்லுறதும் கட்டாயம்.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கு. ஈரச் சப்பாத்தோட கரையில கதைச்சுக்கொண்டு நிக்கக் கூடாது. ஊறின தோல் கெதியா உடையும். காலை நல்ல தண்ணியில கழுவி, விரலிடுக்கு எல்லாம் துடைக்கவேணும். சப்பாத்தையும் சொக்ஸையும் உப்புப் போகக் கழுவி நிழலில காயவிடவேணும். அடுத்த நாள் போடமுன்னம் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுப் பார்க்கவேணும். உள்ளங்காலை ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும். அவருக்குக் குனிஞ்சு பார்க்கேலாது. அதால நாங்கள் முறை போட்டிருக்கிறம். ஆர் வளவில நிக்கினமோ அவை போன் லைட்டைப் பிடிச்சுப் பார்க்கிறது. துவக்கத்தில அவருக்கு வெக்கம். பிள்ளையள் காலைப் பிடிக்கிறதோ எண்டு இழுத்துக்கொள்ளுவார். இப்ப சாப்பிட்டு முடியத் தானே காலை நீட்டுறார்.

இது முடிஞ்ச கதை இல்லை. அந்தச் சப்பாத்து இன்னும் எத்தினை மாசம் உப்புத் தண்ணிக்குத் தாங்குமோ, அடி கழண்டால் அதே மாதிரி ஒண்டு கிடைக்குமோ தெரியாது. கிளினிக்கில சொன்ன "போகாதேங்கோ" தான் பாதுகாப்பு எண்டதும் எங்களுக்குத் தெரியும். சப்பாத்து ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. ஆனால் கடலுக்குப் போறதை விடேலாத மனிசருக்குக் கொஞ்சம் குறையிறதும் பெரிய விசயம்.

கரையில இப்ப இன்னும் ரெண்டு பேர் சித்தப்பாவிட்ட அந்தச் சப்பாத்தைப் பற்றிக் கேட்டிருக்கினம். ஒருவர் பகிடிக்குக் கேட்டவர். மற்றவர் தனியா வந்து, தன்ர காலும் கொஞ்சநாளா விறைக்குது எண்டு மெல்லச் சொன்னவர். அவருக்கு முதலில சப்பாத்து இல்லை, கிளினிக்குத்தான் எண்டு சொல்லி அனுப்பினம். போக முன்னம் கடதாசியில அவரின்ர காலையும் கீறி வைச்சிருக்கிறம்.