யாருக்கு உடம்பு சரியில்ல?

விக்கிரமங்கலம் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் கையில் பையோடு நின்று "மெட்ராஸ் போறேன்" என்று சொன்னால், எதிரில் வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பதுதான். அந்த ஊர்க்காரர்களுக்குச் சென்னை என்றால் ஆஸ்பத்திரி. அதை விட்டால் கோர்ட்டு, கல்யாணம், பையனுக்கு இன்டர்வியூ. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரவும் அங்கே போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, இந்தக் கேள்விக்கு ஒரு பெரியவர் "யாருக்கும் ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று பதில் சொன்னார். அவருக்கு வயது அறுபது. பக்கத்தில் நின்ற மனைவிக்கு ஐம்பத்தாறு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர்கள் இருவர் மட்டும் தனியாக வெளியூர் கிளம்பியது அதுதான் முதல் தடவை!

அவர் ஏற்கெனவே சென்னையைப் பார்த்தவர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது ஊர் ஆட்களோடு லாரி ஏறிப் போய், கடற்கரையில் அழுதுவிட்டு வந்தவர். அந்த அம்மா போனது ஒரே ஒரு தடவை, 2009இல். மாமியாரைச் சென்ட்ரல் எதிரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பதினெட்டு நாள் வராண்டாவில் படுத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் சாயங்காலம் மட்டும், "ஏங்க, கடல் இங்கதான் எங்கியோ பக்கத்துல இருக்காமே" என்று கேட்டார்.

"இப்ப அதுவா முக்கியம்?" என்றார் இவர்.

அவ்வளவுதான். அந்த அம்மா அதற்கப்புறம் கேட்கவே இல்லை. மாமியார் பிழைத்து ஊருக்கு வந்து இன்னும் ஆறு வருஷம் இருந்தார். ஆனால் கேட்ட கேள்வி இவர் மனசிலேயே தங்கிவிட்டது. 2023இல் அரியலூர் டாக்டர் அந்த அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, "மூட்டு தேஞ்சுகிட்டே வருது, போகப் போக நடக்கிறது சிரமமாகும்" என்று சொன்னார். அன்று ராத்திரியே இவர் முடிவு செய்துவிட்டார். கிடாக்குட்டி ஒன்றை விற்றார். கடைசிப் பையன் மொபைலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தான்.

சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்த பஸ்ஸில் அரியலூர் வந்து, பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்து, மதியம் எழும்பூரில் இறங்கினார்கள். லாட்ஜில் ஆதார் கார்டை வாங்கிய பையன் கேட்டான், "எந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்க?"

இந்தத் தடவை அந்த அம்மா முந்திக்கொண்டார். "ஆஸ்பத்திரி இல்ல தம்பி, சுத்திப் பாக்க வந்திருக்கோம்." பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

முதலில் பாந்தியன் சாலை மியூசியம். 1851இல் தொடங்கியது. வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கிறார். அந்த அம்மா அனிச்சையாகச் செருப்பைக் கழற்றிவிட்டார். "பூ இல்ல, வெளக்கு இல்ல... சாமி இங்க எதுக்கு நிக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இது பத்திரமா இருக்குது புள்ள. நம்ம ஸ்ரீபுரந்தான் சாமிய நெனச்சுப் பாரு" என்றார் இவர்.

ஸ்ரீபுரந்தான் அவர்களுக்குப் பக்கத்து ஊர். அந்தக் கோயில் நடராஜர் திருடப்பட்டு, சுபாஷ் கபூர் என்ற வியாபாரி மூலமாக 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். கபூர் 2011இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லிக்கு வந்தபோது சிலையைத் திருப்பிக் கொடுத்தார். "சாமியே அவ்வளவு தூரம் போய்ச் சுத்திட்டு வந்திருக்கு, நாமதான் அரியலூரைத் தாண்டல" என்று அந்த அம்மா சொன்னதும், காவலுக்கு நின்றவரும் சேர்ந்து சிரித்தார்.

சாயங்காலம் அண்ணா சதுக்கத்துக்கு முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த பஸ். அந்த அம்மாவுக்குக் கட்டணம் இல்லை, இவருக்கு மட்டும் டிக்கெட். "இந்த ஊர்ல எனக்குத்தான் மரியாதை" என்று வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

எம்.ஜி.ஆர். சமாதியில் எல்லோரும் செய்கிறபடி இவரும் காதை வைத்துக் கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். அந்த அம்மாவும் குனிந்து காதை வைத்தார். "எனக்குக் கடிகாரம் கேக்கலைங்க. வேற என்னமோ சத்தம் வருது" என்றார். அது அலைச் சத்தம்.

மணலில் முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து போனார்கள். தண்ணீர் காலில் பட்டதும் அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. இருட்டும் வரை நின்றார்கள். சுண்டல் வாங்கினார்கள். பேச்சே இல்லை.

மறுநாள் காலை மெட்ரோ ரயில். ஓடும் படிக்கட்டைப் பார்த்துப் பயந்து, லிப்டில் இறங்கி, ஒரே ஒரு ஸ்டேஷன் போய் சென்ட்ரலில் வெளியே வந்தால்... எதிரில் அதே ஆஸ்பத்திரி. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டார், "தம்பி, இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"மெரினாவா? பத்து நிமிஷம்மா. ஏறுங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு நாள்... பத்து நிமிஷம்.

"விடுங்க" என்றார் அந்த அம்மா. "அன்னிக்குப் போயிருந்தாலும் அத்தைய அங்க தனியா விட்டுட்டு வந்துட்டோமேன்னுதான் மனசு கெடந்து அடிச்சிருக்கும். கடல் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

மதியம் பல்லவன் திரும்பக் கிளம்பியது. ரயிலில் இவர் கணக்கு நோட்டை எடுத்தார். ரயில், லாட்ஜ், சாப்பாடு, சுண்டல் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம். அந்த நோட்டில் அதுவரை சென்னை என்ற பெயர் வந்த இடமெல்லாம் "வைத்தியச் செலவு" என்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, "சென்னை - கடல் பார்த்த வகையில்" என்று எழுதினார்.

திங்கட்கிழமை ரேஷன் கடை வரிசையில் அந்த அம்மாவிடம் நாலு பேர் கேட்டார்கள், "மெட்ராஸ் போனீங்களாமே, யாருக்கு உடம்பு சரியில்ல?" சும்மாதான் போனோம் என்று எத்தனை தடவை சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறார்கள் என்று ஒரு வாரம் ஊரே பேசிக்கொண்டது.