ஜன்னல் சீட் வேணாம், ப்ளீஸ்!

காலேஜ் பஸ்ல ஜன்னல் சீட்டுக்காக அடிதடியே நடத்தினவ நான். இப்போ அதே சீட்டைப் பார்த்தா பத்தடி தள்ளி நிக்கிறேன். காரணம்... காத்து!

செகண்ட் இயர்ல ஒருநாள் பல் தேய்ச்சிட்டு இருந்தேன். வலது கன்னத்துல 'சுரீர்'னு கரன்ட் ஷாக் அடிச்ச மாதிரி வலி. சில விநாடிதான், ஆனா உயிரே போயிடுச்சு. சொத்தைப் பல்லுனு நினைச்சு கடைவாய்ப் பல் ஒண்ணைப் பிடுங்கிட்டாங்க. பல் போச்சு, வலி போகலை.

மென்னா வலி, பேசினா வலி, முகத்துல காத்து பட்டா வலி. பேச்சைக் குறைச்சேன். கேன்டீன் பக்கமே போறதில்லை. 'ஓவரா சீன் போடறா'னு கிளாஸே பேசிச்சு. என் ரூம்மேட்டும் கோவிச்சுக்கிட்டு மூணு வாரம் முகம் கொடுக்கலை.

அப்புறம் ஒருநாள் போர்டுல எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. நரம்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். 'மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ்'!

நம்ம எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளோட மேலுறையை அழிக்கிற நோய் இது. பெரும்பாலும் 20 வயசுக்கும் 40 வயசுக்கும் நடுவுல ஆரம்பிக்கும். பெண்களுக்குத்தான் அதிகம். முகத்தோட உணர்ச்சியைச் சுமக்கிற டிரைஜெமினல் நரம்பு, மூளைத்தண்டுக்குள்ள நுழையற இடத்துல அந்த உறை சிதைஞ்சா, லேசாத் தொட்டாலே ஷாக்தான். உறை உரிஞ்ச ஒயர் மாதிரி! எம்.எஸ். உள்ள எல்லாருக்கும் இப்படி வராது, சிலருக்குத்தான். சாதாரணமா இந்த முகவலி 50 வயசைத் தாண்டினவங்களுக்குத்தான் வருமாம். சின்ன வயசுல வந்தா, எம்.எஸ். இருக்கானு டாக்டருங்க சந்தேகப்படறாங்க.

தலைவலி மாத்திரைக்கெல்லாம் இது மசியாது. வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபின்தான் எனக்குக் கை கொடுக்குது. பக்கவிளைவு, தூக்கம். முதல் பெஞ்ச்லயே சாமியாடி வாங்கிக் கட்டிக்கிட்டேன்!

ரூம்மேட்கிட்ட ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன். படிச்சா. ஒண்ணுமே சொல்லலை. மறுநாள் பஸ்ல எனக்கு முன்னாடி ஏறி ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி மூடினா. "நீ பேசாதடி. நான் பேசறேன், நீ தலையை மட்டும் ஆட்டு"ன்னா. அன்னிக்கு இறங்குற வரைக்கும் அவ வாய் ஓயவே இல்லை.

உங்க கிளாஸ்லயும் யாராவது திடீர்னு பேச்சைக் குறைச்சிருக்கலாம். திமிர்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி, "என்னடி ஆச்சு?"னு ஒரு வார்த்தை கேளுங்களேன்!