அக்கா தங்கையா நீங்கள்?

திருப்பதியில் முகூர்த்த நாளைத் தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்தால் போதும். சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வரும் பஸ்களிலிருந்து, விடிவதற்கு முன்பே பட்டுப்புடவைகளும் பித்தளைத் தாம்பாளங்களும் தூக்கம் கலையாத குழந்தைகளும் இறங்கும். மலை மேல் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகையில் 2016 முதல் இலவசமாகவே திருமணம் செய்துவைக்கிறார்கள். புரோகிதர், மேளம், மஞ்சள், குங்குமம் எல்லாம் தேவஸ்தானத்தின் பொறுப்பு. வயதுச் சான்று வேண்டும். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் உடன் நிற்க வேண்டும்.

பெருமாளுக்கே அப்படித்தான். பத்மாவதியை மணக்க வகுளமாதா போய்ப் பெண் கேட்க வேண்டியிருந்தது. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடனுக்கு அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. கல்யாணம் இங்கே இரண்டு பேரின் சொந்த விஷயமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது ஊருக்குச் சொல்லும் சேதி.

இதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டு வரும் இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முப்பது வயதை ஒட்டியவர்கள். ஒருத்தி சித்தூர்க்காரி, வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. மற்றவள் கோதாவரிப் பக்கம். இருவருக்கும் வேலை இருக்கிறது. "மீரு அக்கா செல்லெள்ளா?" என்பார் வீட்டுக்காரம்மா. அக்கா தங்கையா நீங்கள்? ஆமாம் என்றாலும் சாவி கிடைக்கும், சிநேகிதிகள் என்றாலும் கிடைக்கும். தாலியில்லாமல் ஒரு ஆணோடு வந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். இரண்டு பெண்கள் என்றால் "நல்லதாப் போச்சு, துணைக்குத் துணை" என்பார்.

அந்தக் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு மொழியிலும் சொல் இல்லை. புருஷனின் சகோதரன் மனைவிக்குக்கூடத் தமிழில் ஓரகத்தி, தெலுங்கில் தோடிகோடலு என்று தனிச் சொல் வைத்திருக்கும் மொழிகள் இவை. இந்த உறவுக்கு மட்டும் சமீபகாலம் வரை தமிழ்ப் பத்திரிகைகளிடம் இருந்தது 'ஓரினச்சேர்க்கை'. படுக்கையறையோடு நின்றுவிடுகிற சொல். அதற்குள் அரிசி வாங்குவதும் காய்ச்சலில் கஞ்சி வைப்பதும் அடங்காது. தெலுங்குப் பத்திரிகைகள் 'ஸ்வலிங்க விவாஹம்' என்று எழுதுகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் விளைவாகத் தமிழக அரசு 2022-ல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. சொல் வந்தது. சட்டம் வரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சித்தூருக்கு வடக்கிலும் தெற்கிலும் வந்த இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. 2024 டிசம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. விஜயவாடாவில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களில் ஒருவரை அவருடைய தந்தை நர்சிபட்டினத்தில் அடைத்து வைத்திருக்கிறார் என்பது புகார். நீதிபதிகள் ரகுநந்தன் ராவும் மகேஸ்வர ராவும், அந்தப் பெண் மேஜர், யாரோடு வாழ்வது என்பது அவர் முடிவு, பெற்றோர் குறுக்கிடக்கூடாது என்று உத்தரவிட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 2025 மே 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏறக்குறைய அதே கதை. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் காட்டிய வழக்கு. வேலூர் என்றால் சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தப் பக்கத்து ஜனங்கள் வைத்தியத்துக்குப் போகிற ஊர். இருபத்தைந்து வயதுப் பெண். தோழியோடு வாழ்ந்தவளைக் குடும்பம் இழுத்துப் போனது, அடித்தது, 'சரியாக்க' சடங்குகள் செய்தது. போலீஸ் உதவவில்லை. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளை விடுவித்ததோடு நிற்கவில்லை. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். மகள் கெட்டுப்போனதாக அழுத தாயையும் அவர்கள் ஏளனம் செய்யவில்லை. எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்று மட்டும் எழுதினார்கள். தன் மகன், எழுத்தாளர் விக்ரம் சேத்துக்காகப் பகிரங்கமாக வாதாடிய முன்னாள் தலைமை நீதிபதி அவர்.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் இரண்டும் செய்தது ஒரே காரியம்: பூட்டிய கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவு வழியே வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று கேட்டால், சட்டத்தின் பதில் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்ததைவிடக் குறைவு. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அக்கா தங்கைகூட இல்லை.

இந்தப் பதிலைச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று, சுப்ரியோ வழக்கில். வழக்குப் போட்டவர்களில் முதல் ஜோடி ஹைதராபாத்காரர்கள். திருமணம் அடிப்படை உரிமையல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தை இதற்காகத் திருத்திப் படிக்கவும் முடியாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் என்று பெயரிடாமல் வேறு ஒரு அங்கீகாரமாவது தரலாம் என்றவர்கள் சந்திரசூட்டும் கவுலும். மூன்றுக்கு இரண்டில் அதுவும் தோற்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே முடிவு.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டம் இயற்றுவது கோர்ட்டின் வேலையல்ல. ஆனால் பாராளுமன்றத்தில் இதற்காக சுப்ரியா சுலே 2022-ல் கொண்டுவந்த தனிநபர் மசோதா விவாதத்துக்கே வராமல் காலாவதியானது. அந்த வழக்கின்போது மத்திய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டது. பதில் அனுப்பிய ஏழு மாநிலங்களில் வெளிப்படையாக எதிர்த்தவை மூன்று: ராஜஸ்தான், அசாம், ஆந்திரம். பல மதத் தலைவர்களைக் கலந்துகொண்டதாக ஆந்திரம் சொன்னது. கேட்கப்படாதவர்கள் யார் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

நமது மரபில் இல்லாதது என்பது வழக்கமான ஆட்சேபம். மே மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் சேலை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு வரும் ஆண்களைக் காட்டிச் சிலர் பதில் சொல்வதுண்டு. அது சரியான பதில் அல்ல. வேஷம் போடுவது நேர்த்திக்கடன், இது வாழ்க்கை. இரண்டையும் குழப்புவதால் யாருக்கும் லாபமில்லை.

மரபைப் பற்றிப் பேச வேண்டுமானால் சித்தூருக்குப் பொருத்தமான உதாரணம் வேறு இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள். புரோகிதரும் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களைப் பல்லாண்டுகள் சட்டம் தம்பதியாகவே ஒப்புக்கொள்ளவில்லை. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பிறந்து பேரப்பிள்ளைகளும் எடுத்த தம்பதிகள் காகிதத்தில் அந்நியர்கள். 1967-ல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன்பு நடந்தவற்றையும் செல்லும் என்றது. கல்யாணம் முதலில் நடந்தது, சட்டம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தது. 1953 வரை சென்னை ராஜதானியோடு இருந்த சித்தூர் அதற்குள் ஆந்திரத்துக்குப் போய்விட்டதால், அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது. வேலூரில் மாலை மாற்றினால் மனைவி. எல்லைச் சோதனைச் சாவடி தாண்டி மாற்றினால் சந்தேகம். எது திருமணம் என்பது ஆகாயத்திலிருந்து இறங்கியதல்ல, ஒரு சட்டசபையின் கையெழுத்து என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி தேவையில்லை.

சேர்ந்து வாழ்கிறார்களே, காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காகிதத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பவர்கள். கற்பனையில் வந்த அந்தச் சித்தூர்க்காரி உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை அவளை வீட்டை விட்டுத் துரத்திய பெற்றோருக்கே போகும். இந்து வாரிசுச் சட்டம் அப்படி. உயில் எழுதினால் சமாளிக்கலாம். ஆனால் பெற்றோர் அவள் வருமானத்தை நம்பியிருந்தால், பிராவிடண்ட் பண்டுக்குக் கூட வாழ்பவளை நாமினியாகப் போட விதி இடம் தராது. கணவன் என்றால் கேள்வியே கிடையாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பேசப்பட்டபடி மத்திய அரசு 2024-ல் கேபினட் செயலாளர் தலைமையில் குழு அமைத்தது. அதன்பின் சில சுற்றறிக்கைகள் வந்தன. ரேஷன் கார்டில் இருவரையும் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம். கூட்டாக வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை. நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் கேட்டுப் பெறலாம். சின்ன விஷயங்கள் அல்ல இவை. அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது. உறவினர் கிடைக்காதபோது! உறவினர் வந்துவிட்டால்?

நெதர்லாந்து 2001-ல் தொடங்கியதை இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் செய்துவிட்டன. பக்கத்து நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்து 2025 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. இதெல்லாம் திருப்பதி வாடகை வீட்டுக்கு வெகு தூரம். அங்கே பிரச்சினை வரும் நாள் சாதாரண நாளாகத்தான் இருக்கும். இருவரில் ஒருத்திக்கு வயிற்றுவலி, உடனே ஆபரேஷன், கையெழுத்து வேண்டும். கவுண்டரில் கொடுக்கும் படிவத்தில் பெயர், வயது, முகவரிக்குப் பிறகு ஒரு கட்டம்: நோயாளிக்கு என்ன உறவு?

அவள் சற்று யோசித்து 'அக்கா' என்று எழுதுகிறாள். கவுண்டரில் இருப்பவர் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"இன்டி பேரு வேற வேறயா இருக்கேம்மா?"